செப்பேட்டு எழுத்தும் கணிப்பொறி எழுத்துருவும்



திருவாலங்காடு என்றதும் கவிஞர் நெஞ்சில் முதலில் தோன்றுபவர் காரைக்காலம்மையார். அடுத்துத் தோன்றுவது இரத்தினசபை; அதற்கடுத்தது பக்கத்து ஊராகிய பழையனூரின் நீலி கதை. இம்மூன்றோடும் வைத்து எண்ணத்தக்க நான்காவது பெருமையொன்றும் அவ்வூர்க்கு உண்டு. 1905ஆம் ஆண்டில் வெளிப்பட்ட முதலாம் இராசேந்திர சோழனின் செப்பேட்டுத் தொகுதியே அது. முப்பத்தோர் ஏடுகள், அவற்றைக் கோத்த வளையம், வளையத்தில் புலியும் கயலும் வில்லும் பொறித்த சோழ முத்திரை. பழையனூரைத் திருவாலங்காட்டு இறைவனுக்குத் தேவதானமாக வழங்கிய செய்தி அதிலே பதிவாகியுள்ளது. தமிழ்ப் பகுதி இராசேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டுக்குரியது. கிரந்த எழுத்தில் அமைந்த வடமொழிப் பகுதி கடார வெற்றியையும் பேசுவதால் பின்னரே சேர்க்கப்பட்டிருத்தல் வேண்டும் என்பது அறிஞர் துணிபு. தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் இது பதிப்பிக்கப்பட்டது. ஏடுகள் சென்னை அரசு அருங்காட்சியகத்துக்குச் சென்றன.

வரலாற்றாசிரியர்கள் இவ்வேடுகளைப் பலகாலும் படித்துள்ளனர். சோழர் மரபுவழிக்கும் போர்ச்செய்திகளுக்கும் இவை பெரும் சான்று. ஆயின் அவற்றை எழுத்தாக, அதாவது வடிவமாகப் பார்த்தவர் மிகச் சிலரே. ஒரு சொல் என்ன பொருள் தருகிறது என்று கேட்பது ஒருவகைப் படிப்பு. அச்சொல்லின் ககரம் எவ்வாறு வளைந்து எங்கே நின்றது என்று பார்ப்பது பிறிதொரு வகைப் படிப்பு. பழைய எழுத்து வடிவங்களைக் கணிப்பொறி எழுத்துருக்களாக மீட்கும் முயற்சி உலகெங்கும் நடைபெறும் இக்காலத்தில், இவ்விரண்டாம் வகைப் படிப்பு திருவள்ளூர் மாவட்டத்துக்கு நேரே உரியதாகிறது.

இம்முயற்சிக்கு மேலைநாட்டில் தக்கதோர் எடுத்துக்காட்டு உண்டு. உரோமாபுரியில் திராயன் பேரரசனின் வெற்றித்தூண் கி.பி. 113இல் எழுந்தது. அதன் அடியிற் பொறித்த எழுத்துகளை முன்மாதிரியாகக் கொண்டு, 1989ஆம் ஆண்டில் கரோல் துவாம்பிளி என்ற அம்மையார் அடோபி நிறுவனத்துக்காகத் 'திராயன்' என்னும் எழுத்துருவை வரைந்தார். ஆங்கிலத் திரைப்படச் சுவரொட்டிகள் பலவற்றில் கண்ணிற் பட்டது அவ்வெழுத்தே. இதிலே கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. அத்தூணின் சாசனத்தில் எச், கே, ஒய், இசட் ஆகிய எழுத்துகள் வரவே இல்லை. ஜே, யூ, டபிள்யூ ஆகியவை அக்காலத்து இலத்தீனில் தனியெழுத்துகளாகவே இல்லை. அவற்றையெல்லாம் அவ்வம்மையார் இருக்கும் எழுத்துகளின் இயல்பு நோக்கிப் புதிதாகப் படைத்தார். மீட்பு என்று சொல்லப்படுவதில் ஒரு பங்கு எப்போதும் படைப்பே. சின்னெழுத்துகளை மட்டும் அவர் படைக்கவில்லை. தூணில் இல்லாத அவற்றை அந்த எழுத்துரு முதலில் வெளிவந்தபோது தரவும் இல்லை. எங்கே நிறுத்துவது என்பதை அறிந்த கை அது.

தமிழில் இப்பணி இதனினும் கடிது. எழுத்து இருநூற்று நாற்பத்தேழு என்பது சிறுவரும் அறிந்த கணக்கு. ஒரு செப்பேட்டில் அத்தனையும் வாரா. ஙகர வரிசையிற் பெரும்பாலானவை எந்தச் சாசனத்திலும் வரமாட்டா. எண்ணிக்கை கூடச் சிறிய இடர்ப்பாடே. பெரிய இடர்ப்பாடு புள்ளியிலும் காலிலும் உள்ளது.

மெய்யெழுத்துக்கும், எகர ஒகரக் குறில்களுக்கும் புள்ளியுண்டு என்பது தொல்காப்பிய விதி. சோழர்காலத் தமிழ்ச் சாசனங்களிலோ புள்ளி அரிது. ஓலைச்சுவடிகளிலும் அவ்வாறே. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்புதான் நின்றது; இரட்டைச்சுழிக் கொம்பினால் நெடிலை வேறுபடுத்திய சீர்திருத்தம் பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவருக்கு உரியதாகச் சொல்லப்படுகிறது. அன்றியும், ரகரமும் நெடிற்குறியாகிய காலும் ஒரே வடிவில் எழுதப்பட்டன. விளைவை எண்ணிப் பார்க்கலாம். கொம்பு, பகரம், கால் என்று மூன்று வடிவங்கள் அடுத்தடுத்து நின்றால், அது 'பொ' ஆகலாம், 'போ' ஆகலாம், 'பெர்' ஆகலாம், 'பேர்' ஆகலாம். பகரத்தின் பின் இரண்டு கால் நின்றால் பார், பார, பரா என மூவகையிலும் ஓசை பிறக்கும்.

இத்தகைய எழுத்தை அக்காலத்தார் எங்ஙனம் படித்தனர்? கண்ணால் மட்டும் படிக்கவில்லை, காதாலும் படித்தனர். எதுகை இன்னதாதல் வேண்டும், சீர் இன்னதாதல் வேண்டும், தளை தட்டலாகாது என்று அறிந்த செவி, ஏட்டில் இல்லாத புள்ளியைத் தானே இட்டுக்கொண்டது. உ.வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் சுவடியிற் கண்ட குழப்பங்களைத் தீர்த்ததில் யாப்பறிவுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆகவே, புள்ளியில்லா எழுத்து குறையுள்ள எழுத்து அன்று. படிப்பவரிடம் பாதி வேலையை ஒப்படைத்த எழுத்து. கவிஞர்கள் இதைக் கருத்தில் இருத்துதல் நன்று.

இப்போது எழுத்துரு வரைபவர்முன் நிற்கும் கேள்வி இது: மீட்கும் எழுத்துக்குப் புள்ளி இடுவதா, விடுவதா? இட்டால் சோழர் எழுத்தாகாது. விட்டால் இக்காலத்தார் படிக்கவியலாது. கணிப்பொறி இதற்கு ஒரு வழி தந்துள்ளது. எழுத்துரு என்பது திரையில் தோன்றும் வடிவம்; அதன் அடியில் இருப்பது குறியீட்டெண். ஒருங்குறியில் தமிழுக்கு 1991ஆம் ஆண்டிலேயே இடம் கிடைத்தது. அவ்வெண்ணின்மேல் எவ்வடிவத்தைப் போர்த்தினாலும் உள்ளே இருக்கும் சொல் மாறுவதில்லை. ரகரமும் காலும் திரையில் ஒன்றாகத் தோன்றினாலும் அடியில் இருவேறு எண்களாகவே நிற்கும், தேடினால் அகப்படும். புள்ளியைக் காட்டவும் மறைக்கவும் எழுத்துருவுக்குள்ளேயே விதி எழுதலாம். 1978ஆம் ஆண்டின் அரசாணையால் வழக்கொழிந்த பதின்மூன்று பழைய வடிவங்களையும் (துதிக்கை வைத்த ணை, லை, ளை, னை, சுழித்த ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார இனங்கள்) அவ்வாறே, மூலத்தில் ஓரெழுத்தும் மாற்றாமல், விரும்பிய பக்கத்தில் மட்டும் தோன்றச் செய்யலாம்.

இதைச் சொல்லுங்கால் 1990களின் பட்டறிவு நினைவுக்கு வருகிறது. அன்று எழுத்துருக்கு எழுத்துரு குறியீடு வேறாக இருந்தது. ஓர் எழுத்துருவில் தட்டிய கவிதை மற்றொன்றில் பொருளற்ற கோடுகளாயிற்று. 1999ஆம் ஆண்டுச் சென்னைத் தமிழிணைய மாநாடு பொதுக் குறியீடு காண முயன்றது அதனால்தான். அழகிய வடிவமொன்றைத் தனிக் குறியீட்டில் அடைத்து வைப்பது, பெட்டியில் நகையை வைத்துச் சாவியைக் கிணற்றில் எறிவது போலாகும். இன்று மீட்கப்படும் எந்த எழுத்தும் ஒருங்குறியின்மேல் அமையாவிடில், அடுத்த தலைமுறைக்கு அது பயன்படாது.

பிராமி எழுத்து 2010இல் ஒருங்குறி பெற்றது. தமிழ் பிராமிக்கே உரிய குறில் எகர ஒகரமும் புள்ளியும் 2021இல் சேர்ந்தன. கிரந்தம் 2014இல் இடம்பெற்றது. அதற்கு முன், 2010இல், தமிழுக்கே உரிய எ, ஒ, ழ, ற, ன ஆகிய ஐந்தும் கிரந்தத் தொகுதியிற் சேர்வது பற்றித் தமிழகத்தில் எழுந்த எதிர்ப்பைப் பலரும் அறிவர். தமிழ்ப் பின்னங்களுக்கும் பழைய கணக்குக் குறிகளுக்கும் 2019இல் வழி பிறந்தது. திருவாலங்காட்டு ஏடுகளின் இரு பகுதிகளையும் கணிப்பொறியில் உள்ளவாறு ஏற்றுதற்கு வேண்டிய அடித்தளம், ஆக, முழுமையாகவே இருக்கிறது. வடிவம் வரைவதே எஞ்சிய வேலை.

எல்லாப் பழைய எழுத்தையும் மீட்க வேண்டுமா என்பது வேறு கேள்வி. கவிதைத் தொகுப்பின் மேலட்டையில் தமிழ் பிராமியில் தலைப்பிடும் வழக்கம் பரவியுள்ளது. அது படிப்பதற்கன்று, பார்ப்பதற்கு. வாசலில் கட்டிய தோரணம் போல அதற்கும் ஓர் இடம் உண்டுதான். ஆனால் தோரணத்தை வீடென்று கொள்ளலாகாது. உள்ளே இருநூறு பக்கம் கவிதை எவ்வெழுத்தில் உள்ளது என்பதே கேட்கத்தக்கது. அங்கே இன்று பெரும்பாலும் காண்பது திரைக்கென வரைந்த, ஒரே தடிப்புள்ள, உயிர்ப்பற்ற எழுத்து. இதற்கு மாற்று சோழர் காலத்தில் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உண்டு. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சான நாள்தொட்டு, தரங்கம்பாடி அச்சகம் வழியாக வளர்ந்த தமிழ் அச்செழுத்து, சென்னை அமெரிக்க மிசன் அச்சகத்தில் பி.ஆர். அண்ட் என்பாரின் கையில் பெரும் செப்பம் அடைந்தது. 1862இல் அங்கே அச்சான வின்சுலோ அகராதியின் ஒரு பக்கத்தைப் பொறுமையாகப் பார்த்தவர்க்கு இது விளங்கும்: சிறிய எழுத்து, நெருங்கிய வரி, ஆயினும் கண் தடுமாறுவதில்லை. நூலின் உள்ளுக்கு அவ்வழி எழுத்து. மேலட்டைக்கும் தலைப்புக்கும் செப்பேட்டு எழுத்து என்று கொள்வதே தகும்.

இனிக் கும்மிடிப்பூண்டி. சிப்காட் தொழிற்பேட்டைக்கும் சோழர் எழுத்துக்கும் என்ன தொடர்பு என்று வியப்போர் இருக்கலாம். ஒருகாலத்தில் அங்குள்ள ஆலை வாயில்களிலும், நெடுஞ்சாலைக் கடைகளிலும், சரக்குந்துகளின் முகப்பிலும் தூரிகையால் எழுதியவர்கள் பெயின்டர்கள். ஆந்திர எல்லை அருகிருத்தலின் தமிழும் தெலுங்கும் ஆங்கிலமும் அடுத்தடுத்து எழுதக் கைப்பழக்கம் உடையவர்கள். பிளெக்சு அச்சு வந்தபின் அவர்தம் தூரிகை காய்ந்தது. தில்லியில் அனீபு குரேசி (2024இல் மறைந்தவர்) வடநாட்டுத் தெருப் பெயின்டர்களின் எழுத்தைத் தொகுத்து எழுத்துருக்களாக்கி, ஒவ்வொன்றுக்கும் எழுதியவரின் பெயரையே இட்டார். அத்தகைய தொகுப்பு இத்தொழிற்பேட்டைச் சாலையிலும் நிகழ வேண்டும், அதுவும் விரைவில். செப்பேடு ஆயிரம் ஆண்டு காத்திருக்கும். சுவரிற் காரைபூசி வண்ணமடித்தால் பெயின்டரின் எழுத்து ஒரு பகலில் மறைந்துவிடும்.

தொடர்பு மற்றொன்றும் உண்டு. எழுத்துருவின் வடிவம் கணிப்பொறியில் வளைகோடுகளாக நிற்கிறது. அதே வளைகோட்டை அச்சுப்பொறிக்கும் தரலாம். தகட்டை வெட்டும் இலேசர்ப் பொறிக்கும் தரலாம். உளியால் செம்பிற் பொறித்த எழுத்து, ஒருமுறை கோடாக்கப்பட்டபின், பட்டறைத் தகட்டிலே மீண்டும் உலோகத்தில் ஏறவல்லது. ஊர்ப்பெயர்ப் பலகை, கோயில் திருப்பணித் தகடு, வட்டத்தின் நினைவுப்பரிசு ஆகியவற்றை இங்கேயே செய்துகொள்ளலாம். பழவேற்காட்டு ஒல்லாந்தர் கல்லறைகளைக் காணச் செல்வோர் வாயிலிலுள்ள எலும்புக்கூட்டுச் சிற்பங்களைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். உள்ளே பதினேழாம் நூற்றாண்டுக் கல்லெழுத்து கிடப்பதை உற்றுப் பார்ப்பவர் குறைவு. உலோகத்திலும் கல்லிலும் எழுத்து எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு அவ்வூரும் சான்று.

வேலையைத் தொடங்குவோர் கவனிக்க வேண்டியவை சில. நூலில் அச்சான மைப்படியிலிருந்து நேரே கோடு எடுத்தலாகாது. மை மிகுந்த இடத்தில் வெட்டுக்கோடு மெலிந்தும், குறைந்த இடத்தில் பருத்தும் தோன்றும். அருங்காட்சியக இசைவு பெற்று, ஒளியைப் பக்கவாட்டில் வீழ்த்தி எடுத்த படங்களே வேண்டும். ஓர் எழுத்துக்கு ஒரு வடிவம் போதாது. உளி பிடித்த கை ஒரே வரியிலுள்ள இரண்டு தகரங்களைக் கூட ஒன்றுபோல் வெட்டாது. அவற்றைச் சராசரியாக்கி ஒன்றாக்கினால் கிடைப்பது எவரும் எழுதாத தகரம். அடிக்கடி வரும் எழுத்துகளுக்கு மூன்று நான்கு வடிவங்கள் வைத்து, மாறிமாறி வரச் செய்தல் நலம். ஏட்டில் இல்லாத எழுத்துகளைப் புதிதாக வரைந்தால், இன்னின்னவை புதியன என்று எழுத்துருவுடன் ஒரு குறிப்பு செல்லுதல் வேண்டும். எழுத்துருவை விலையின்றித் தருவதே முறை. கொடைச் சாசனத்தின் எழுத்தை விற்பது பொருந்தாது.

பெயர் பற்றி மட்டும் ஒரு சொல். சோழன், இராசேந்திரன் என்ற பெயர்கள் விடுதிகளுக்கும் பேருந்துகளுக்கும் போய்விட்டன. கொடையாகத் தரப்பட்ட ஊரின் பெயரால் இவ்வெழுத்துருவைப் 'பழையனூர்' என்று அழைக்கலாம்.