பேஸ் கிட்டாருக்குப் பழைய ஆம்ப்ளிபயர்

தோட்டத்துக் கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் நம் பிள்ளைகளின் மெல்லிசைக் குழு வாசிப்பதைக் கேட்டு மகிழ்கிறோம். 1976-இல் 'அன்னக்கிளி' படத்தின் மூலம் அறிமுகமான இளையராஜாவின் பாடல்களை வாசிக்கும் குழுவுக்குப் பேஸ் கிட்டார் இல்லாமல் சரிப்படாது. கிட்டாரை எப்படியோ வாங்கிவிடுகிறார்கள். பிறகு, "ஆம்ப்ளிபயர் இல்லாமல் மேடை ஏற முடியாதப்பா" என்று வந்து நிற்கிறார்கள். புதிது வாங்கினால் வீட்டுச் செலவில் கைவைக்க வேண்டும். ஆகவே சிங்கப்பூரில் பழையது பார்த்து வாங்குவதைப் பற்றி இன்று பேசுவோம்.

வீட்டில் இருக்கும் ரேடியோப் பெட்டியிலோ சாதாரணக் கிட்டார் ஆம்ப்பிலோ சொருகினால் என்ன என்று பெற்றோர் கேட்பது நியாயமே. சாதாரணக் கிட்டாரின் தடித்த தந்தி வினாடிக்கு ஏறக்குறைய 82 தடவை அதிர்கிறது. பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியோ 41 தடவைதான். இந்த மெதுவான அதிர்வு காதுக்கு எட்ட வேண்டுமானால் ஸ்பீக்கர் நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். அதற்கென்று செய்யப்படாத ஸ்பீக்கரில் சத்தத்தைக் கூட்டினால் அதன் காகிதக் கூம்பு கிழிந்துபோகும்.

எத்தனை வாட் வேண்டும்? வீட்டில் பழக 20, 30 வாட் போதும். டிரம்ஸ் அடிப்பவர் பக்கத்தில் உட்கார்ந்தால் அது எடுபடாது. 12 அல்லது 15 அங்குல ஸ்பீக்கருடன் 100 வாட்டுக்குக் குறையாமல் இருப்பது நல்லது என்பது நம் கருத்து. ஆனால் 200 வாட் என்றால் 100 வாட்டைப் போல இரண்டு மடங்கு சத்தம் என்று நினைத்து ஏமாறாதீர்கள். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க ஏறக்குறைய பத்து மடங்கு வாட் தேவை. மேடையில் பெரிய ஒலி அமைப்பு இருந்தால், ஆம்ப்பின் பின்புறத்தில் மைக் கேபிள் சொருகுவதுபோல் இருக்கும் டி.ஐ. துளையிலிருந்து ஒலியை அதற்கு அனுப்பிவிடலாம். கூட்டத்துக்குக் கேட்கச் செய்வது அந்த அமைப்பின் வேலை. அப்போது வாசிப்பவர் காதுக்கு மட்டும் நம் ஆம்ப் கேட்டால் போதும். டி.ஐ. உள்ள 100 வாட் ஆம்ப், அது இல்லாத 300 வாட்டைவிடப் பயன்படும், விலையும் குறையும்.

முன்பெல்லாம் பழைய சாமான் என்றால் சிராங்கூன் ரோட்டிலிருந்து நடந்தே சுங்கை ரோடு சந்தைக்குப் போவார்கள். 1930-களிலிருந்து நடந்த அந்தச் சந்தை 2017 ஜூலை 10-ஆம் தேதியோடு மூடப்பட்டது. இப்போது சிட்டி ஹால் இரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் கிட்டார்க் கடைகள் உண்டு. தனியாரிடம் வாங்குவோர் கைபேசியில் கரோசெல் செயலியைப் பார்க்கிறார்கள். கேபிள், பியூஸ் போன்றவற்றுக்கு லிட்டில் இந்தியாவை ஒட்டிய சிம் லிம் டவர் இருக்கிறது.

பார்க்கப் போகும்போது தம்பி தன் கிட்டாரையும் கேபிளையும் கையோடு கொண்டுபோகட்டும். ஐந்து நிமிடத்தில் முடிவு சொல்லிவிடாமல் அரை மணி நேரமாவது வாசித்துப் பார்க்கட்டும். சூடேறிய பிறகுதான் சில கோளாறுகள் தலைகாட்டும். குமிழ்களைத் திருப்பும்போது கரகரவென்று கேட்டால் பெரும்பாலும் தூசிதான். மருந்தடித்துத் துடைத்தால் போய்விடும். அதைக் காட்டி விலையைக் குறைத்துக் கேட்கலாம். தடித்த தந்தியை மீட்டிச் சத்தத்தைக் கூட்டும்போது ஸ்பீக்கர் பர்பர் என்று உதறினால் யோசிக்க வேண்டும். ஆம்ப்பை நிறுத்திவிட்டு, கூம்பின் இரு பக்கமும் விரல்களை வைத்து மெல்ல அழுத்துங்கள். உள்ளே உரசும் சத்தம் கேட்டால் சுருள் கெட்டிருக்கிறது என்று அர்த்தம். வேறு ஸ்பீக்கருக்கு ஆகும் செலவைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பின்புறத்தில் வோல்ட் எவ்வளவு என்று எழுதியிருப்பதையும் படியுங்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 230 வோல்ட். ஜப்பானிலிருந்து வரும் பழைய ஆம்ப் 100 வோல்ட்டுக்கு உரியது. அதை அப்படியே சொருகினால் புகைதான் வரும். டிரான்ஸ்பார்மர் தனியே வாங்க வேண்டும். அதையும் சேர்த்துச் சுமக்க வேண்டும்.

இனி, பேரம் பேசவே கூடாத விஷயம் ஒன்று. ஆம்ப்பில் 'ஹம்' என்ற இரைச்சல் வந்தால் சிலர் எர்த் கம்பியை வெட்டிவிடுகிறார்கள். இரைச்சல் நிற்கும். ஆனால் உள்ளே ஏதாவது ஒரு கம்பி இரும்புச் சட்டத்தில் பட்டுவிட்டால், மின்சாரம் கிட்டார்த் தந்தி வழியாக வாசிப்பவர் கைக்கு வரும். மறுகை மைக்கைத் தொட்டால் அது உடம்பில் பாய்ந்துவிடும். மைக்கில் எர்த் சரியில்லாவிட்டாலும் இதே கதிதான். 1972 மே 3-ஆம் தேதி வேல்ஸ் நாட்டு ஸ்வான்சி நகரில் லெஸ் ஹார்வி என்ற கிட்டார்க் கலைஞர், சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே மின்சாரம் தாக்கி இறந்தார். மழையில் நனைந்த தரையில், ஜெனரேட்டர் மின்சாரத்தில் வாசிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

ஆகவே, பணம் கொடுக்கும் முன் மின்சார வேலை தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள். பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, மீட்டரின் ஒரு முனையை மூன்று ஊசியில் நீளமானதிலும், மறு முனையை ஆம்ப்பின் பெயிண்ட் இல்லாத இரும்பிலும் அவர் வைத்துப் பார்ப்பார். தடை ஏறக்குறைய சூன்யமாக இருக்க வேண்டும். பியூஸ் இருக்கும் இடத்தில் சிகரெட் பெட்டி ஈயத்தாளோ கம்பித் துண்டோ இருந்தால் அந்த ஆம்ப் வேண்டாம். வால்வு ஆம்ப் என்றால் வீட்டில் திறந்து பார்க்கவே கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே உயிரைக் குடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும்.

எல்லாம் சரியாக இருந்தால், கடைசியாகத் தம்பி அதைத் தூக்கி ஒரு மாடிப்படி ஏறிப் பார்க்கட்டும். கச்சேரி முடிந்து நள்ளிரவில் அதைச் சுமந்து வரப்போவது அவன்தானே.