உடன்பிறந்தானை நினைத்தல்

அழுகை என்னும் மெய்ப்பாடு தோன்றுதற்கு நான்கு நிலைக்களங்களைத் தொல்காப்பியர் வகுத்தார். அவற்றுள் இழவு ஒன்று, அசைவு மற்றொன்று. உற்றாரையும் உடைமையையும் இழத்தல் இழவு. பண்டிருந்த நிலை கெட்டு, வேறொரு நிலையில் நின்று வருந்துதல் அசைவு. உடன்பிறந்தானை நோய்க்குப் பறிகொடுத்தவனிடத்தில் இவ்விரண்டும் ஒருங்கே வந்து கூடுகின்றன. இழவு ஒருநாளில் நேர்ந்துவிடுகின்றது. நம் பிள்ளைப் பருவத்தை நம்மோடு கூட இருந்து கண்டவன் இனி இல்லை என்பதை நாடோறும் உணர்ந்து தளர்தலோ அசைவாகும்.

என் தம்பி கண்டி நகரிற் கடிகாரம் திருத்துந் தொழில் செய்தவன். 2017ஆம் ஆண்டில் டெங்குக் காய்ச்சலால் இறந்தான். இலங்கையில் அவ்வாண்டு 1,86,000 பேருக்கு மேல் இந்நோய் கண்டதாகக் கணக்கிடப்பட்டது. 400 பேருக்கு மேல் மாண்டனர். நான்காம் நாள் காய்ச்சல் தணிந்தபோது, மருத்துவமனைக் கட்டிலில் இருந்தவாறே, "அண்ணா, திங்கட்கிழமை கடை திறக்கலாம்" என்றான். ஆனால், டெங்கு நோயிற் பெரும்பாலும் காய்ச்சல் தணியும் வேளையே அபாயம் தொடங்கும் வேளை. குருதியின் நீர்ப்பகுதி நாளங்களினின்றும் கசிந்து வெளியேற, நாடி தளர்ந்துவிடும். திங்கட்கிழமை அவனுக்கு வரவில்லை.

எட்டுச் செலவும் 31ஆம் நாட் கிரியையும் முறைப்படி நடந்தேறின. கல்வெட்டும் அச்சிட்டு வழங்கினோம். துயருக்கு நாட்கணக்கு வகுத்த நம் முன்னோர் அறிவுடையோர். அழுதற்கு இடங்கொடுத்து, அழுகைக்கு எல்லையும் இட்டனர். நினைவுக்கோ அவர் எல்லை இட்டாரல்லர்; ஆண்டுதோறும் திவசம் வருகின்றது. அந்நினைவைக் கொண்டு நாம் செய்யத்தக்கது யாது?

தம்பியின் கடையிற் பிறர் ஒப்படைத்த கடிகாரங்கள் 23 இருந்தன. ஒவ்வொன்றிலும் சொந்தக்காரர் பெயரை அவன் கைப்பட எழுதிய சீட்டுத் தொங்கியது. அவற்றை உரியவரிடம் சேர்ப்பிக்க எனக்கு இரண்டு மாதங்கள் ஆயின. அவ்வேலையில் இறங்கிய பின்னரே நான் நிமிர்ந்து நடந்தேன். இறுதிக் கடன் என்னுந் தொடரிற் 'கடன்' என்பதன் பொருள் அப்போதுதான் விளங்கிற்று.

இம்மலைநாட்டுக்கு இத்தகைய துயர் புதிதன்று. 1934ஆம் ஆண்டு மழை பொய்த்து, ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. அங்கே பெருகிய நுளம்புகளால் மலேரியாக் காய்ச்சல் பரவிற்று. 1935 முடிவதற்குள் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். கேகாலை, குருநாகல் பகுதிகளோடு கண்டிப் பகுதியும் அல்லற்பட்டது. அன்று உடன்பிறந்தாரை இழந்தவர் எத்தனை ஆயிரவரோ! மாண்டவருட் பெரும்பாலார்க்குக் கல்வெட்டு இல்லை. பின் வந்தோர் வீடுவீடாக மருந்து தெளித்து உழைத்தமையால், 1963ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் 17 பேருக்கே அந்நோய் காணப்பட்டது. பின்னர்க் கவனம் தளர்ந்தது; 1969ஆம் ஆண்டில் நோயாளர் தொகை 5 இலட்சத்தைக் கடந்தது! மீண்டும் பல்லாண்டு உழைத்த பின்னரே, 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது. மறந்தோமாயின் நோய் மீளும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அன்றைய நுளம்பு ஆற்றுக் குட்டையை நாடிற்று. டெங்கு நுளம்போ நம் முற்றத்தையே நாடுகின்றது. பூச்சாடித் தட்டு, சிரட்டை, பழைய டயர், கூரைப் பீலி ஆகியவற்றிற் சிறிது நீர் தேங்கினாலும் அதற்குப் போதும். அதன் முட்டை பல மாதங்கள் காய்ந்து கிடந்தும் நீர் பட்டவுடன் பொரிக்கும். ஆதலின் நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுதலும் வேண்டும்.

திவசத்தன்று எம் வீட்டார் படையலிட்டு வணங்கியபின், எங்கள் ஒழுங்கையிலுள்ள வீடுதோறும் சென்று பீலிகளைத் துப்புரவாக்குகின்றோம். அயலிலுள்ள சிங்கள, முஸ்லிம் குடும்பத்தாரும் உடன் வருகின்றனர். இதனால் என் தம்பி மீளான்; அதனை யான் அறிவேன். எனினும், அடுத்த வீட்டுச் சிறுவன் தன் அண்ணனோடு பந்து விளையாடக் காணுந்தோறும், அவனை நினைத்தது வீண்போகவில்லை என்று மனம் ஆறுகின்றது.

நேயர்களே, உங்கள் இல்லங்களிலும் இவ்வாறு பிரிந்தவர் இருப்பர். அவர் படத்துக்கு மாலையிடுங்கள், விளக்கேற்றுங்கள். அதனோடு அமையாது, அவரைக் கொண்டுசென்ற நோய் எதுவோ, அது மற்றொருவர் வாயிலை அணுகாதவாறு ஒரு சிறு பணியேனும் அன்று செய்யுங்கள்.