டிஸ்க் போகல, கடிகாரம்தான் குழம்பிடுச்சு

இன்னைக்கு ஒரு கறுப்புத் திரையின் கதை.

காலேஜ் கடைசி வருஷம். ரூம்மேட்டோட லேப்டாப்பில் விண்டோஸ், லினக்ஸ் ரெண்டும் இருந்தது. மதியம் ப்ராஜெக்ட் ரிவ்யூ. காலை 11 மணிக்கு லினக்ஸை ரீஸ்டார்ட் பண்ணினான், பாதியிலேயே நின்னுடுச்சு. எஃப்எஸ்சிகே-வை நீங்களே ஓட்டுங்கன்னு ஒரு எரர். கடைக்குப் போன் போட்டோம். "டிஸ்க் போயிருக்கும் தம்பி, ஃபார்மேட் பண்ணிடலாம்" என்றார்கள். பேக்கப் கிடையாது. அவன் முகத்தைப் பார்க்கணுமே!

அப்புறம்தான் எரரை முழுசா படிச்சோம். டிஸ்க் கடைசியாக மவுண்ட் ஆன நேரம் எதிர்காலத்தில் இருக்காம்!

என்ன நடந்திருக்கு? மதர்போர்டில் ஒரு சின்னக் கடிகாரம் இருக்கிறது. லேப்டாப்பை அணைத்தாலும் அது ஓடும். ஆனால் அதில் மணி மட்டும்தான் இருக்கும். எந்த ஊர் மணி என்ற குறிப்பு கிடையாது. விண்டோஸ் அதை உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் பொதுவாக யுடிசி என்று எடுத்துக்கொள்ளும். நமக்கும் யுடிசிக்கும் இடைவெளி ஐந்தரை மணி நேரம்.

காலை 10 மணிக்கு விண்டோஸ் அந்தக் கடிகாரத்தில் 10 என்று விட்டுப்போனது. லினக்ஸ் வந்து, "யுடிசி 10ன்னா இந்தியாவில் மதியம் 3.30" என்று கணக்குப் போட்டது. அந்த 3.30-ஐயே டிஸ்கின் சூப்பர்பிளாக்கில் மவுண்ட் நேரமாக எழுதியது. பிறகு நெட் கிடைத்ததும் மணியைத் திருத்திக்கொண்டது. மதர்போர்டு கடிகாரத்தையும் சேர்த்துத் திருத்தியது. ஆனால் சூப்பர்பிளாக்கில் அந்த 3.30 அப்படியே இருந்தது. 11 மணிக்கு ரீஸ்டார்ட் பண்ணினால் எஃப்எஸ்சிகே என்ன நினைக்கும்? "இப்போ மணி 11. இந்த டிஸ்க் 3.30க்கு மவுண்ட் ஆகியிருக்கு. ஏதோ தப்பு." பாவம், அது சந்தேகப்பட்டதில் நியாயம் இருக்கு.

எஃப்எஸ்சிகே-வை ஓட்டினோம். நேரத்தை மட்டும் திருத்தியது. ஒரு ஃபைல்கூடப் போகவில்லை. ரிவ்யூவும் முடிஞ்சது.

இப்போதெல்லாம் இந்தப் பிரச்சினை குறைவு. இஎக்ஸ்டி4-க்கான எஃப்எஸ்சிகே 24 மணி நேரம் வரையிலான வித்தியாசத்தை வழக்கமாகப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் பழைய டெஸ்க்டாப்பில் அந்தச் சின்ன பேட்டரி தீர்ந்தால், கடிகாரம் பல வருஷம் பின்னாடி போயிடும். அப்போ இதே எரர் திரும்ப வரலாம். பல மாடல்களில் அது 3 வோல்ட் சிஆர்2032, காசு வடிவில் இருக்கும். மாத்துறது சுலபம்.

டூயல் பூட் வைத்திருந்தால் ரெண்டு பேரையும் ஒரே மணிக்குக் கொண்டுவாங்க. ஒன்று, விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் கடிகாரம் யுடிசி என்று சொல்லுங்க. இல்லையென்றால், லினக்ஸிடம் அது உள்ளூர் நேரம் என்று சொல்லுங்க. ரெண்டையும் சேர்த்துச் செய்யாதீங்க, பழைய குழப்பமே திரும்ப வரும். முதல் வழிதான் நல்லது.

ஒரு எச்சரிக்கை. எரரில் நேரத்தைத் தவிர வேறு புகாரும் இருந்தால், அது நிஜமான டிஸ்க் பிரச்சினையாக இருக்கலாம். முதலில் டேட்டாவைக் காப்பி எடுங்க, மற்றதெல்லாம் அப்புறம்.

யாராவது "ஃபார்மேட் பண்ணிடலாம்"னு சொன்னால், முதலில் பயாஸுக்குள் போய் மணி, தேதி, வருஷம் மூணையும் பாருங்க. யுடிசியில் ஓடும் மெஷின் என்றால் அங்கே ஐந்தரை மணி நேரம் குறைவாகத்தான் காட்டும், அதைப் பார்த்துப் பயந்துடாதீங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.