பருத்த உடம்பு குற்றமா?

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உடல் பருமனையும், சாப்பாட்டையும், புற்றுநோயையும் பற்றியதாகும். இது வைத்தியர்கள் பேச வேண்டியதாயிற்றே, இதில் நமக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். மருந்தைப்பற்றிப் பேசுவதானால் வைத்தியர்தான் பேச வேண்டும். நாம் பேசப்போவது ஒரு மனிதன்மேல் ஆராயாமல் பழி சுமத்தும் வழக்கத்தைப் பற்றி. அதைப் பேச நம் எல்லோருக்கும் உரிமை உண்டு.

பருத்த உடம்புள்ள ஒருவன் தெருவில் போனால் உலகம் என்ன சொல்லுகிறது? "தின்று கொழுத்தவன், சோம்பேறி, வாயைக் கட்டத் தெரியாதவன்" என்கிறது. அதே மனிதனுக்குப் புற்றுநோய் வந்துவிட்டாலோ, "அவன் தலையெழுத்து, யார் என்ன செய்ய முடியும்?" என்கிறது. முன்னே எல்லாம் அவன் குற்றம். பின்னே எதுவும் அவன் கையில் இல்லை! ஒரே வாய் இந்த இரண்டையும் கூசாமல் சொல்லுகிறது. இரண்டு பேச்சும் யோசிக்கிற வேலையை மிச்சப்படுத்துகின்றன என்பதைத் தவிர அவற்றில் ஒரு அறிவும் இல்லை.

இங்கிலாந்திலே ஜேன் வார்டில் என்று ஒரு அம்மையார் இருந்தார். 1950-ல் பிறந்து 2015-ல் காலமானவர். மனோதத்துவம் கற்று, லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பேராசிரியராயிருந்து, மக்கள் ஏன் இப்படிச் சாப்பிடுகிறார்கள், ஏன் பரிசோதனைக்கு வர மறுக்கிறார்கள், புற்றுநோயை வருமுன் தடுக்க என்ன வழி என்பதையே தம் வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டவர். அவர் செய்ததெல்லாம், ஊரார் சொல்லும் பேச்சை எடுத்து, "இது மெய்தானா?" என்று அளந்து பார்த்ததுதான்.

முதலாவது, பருமன் அவனவன் குற்றமா என்கிற கேள்வி. இதற்கு இரட்டைப் பிள்ளைகளைப் பார்த்தார்கள். இரட்டையர்களில் ஒரு வகையார் அச்சு வார்த்தாற்போல் ஒன்றாயிருப்பவர்கள். அவர்களுடைய பரம்பரைக் கூறுகள் முற்றும் ஒன்றே. மற்றொரு வகையார் சாதாரண அண்ணன் தம்பிகளைப்போல் பாதியளவே ஒத்தவர்கள். இரு வகையாரும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிட்டு வளருகிறவர்கள். ஆகவே, பருமனுக்கு அடுப்பு மாத்திரமே காரணமென்றால் இரு வகையாரும் ஒரே அளவுக்கு ஒத்திருக்க வேண்டும். 8 முதல் 11 வயது வரையுள்ள 5,000-க்கு மேற்பட்ட ஜோடிகளை ஆராய்ந்து 2008-ல் வெளியிட்டார்கள். முதல் வகையார் மிக நெருங்கி ஒத்திருந்தார்கள், மற்றவர்கள் அப்படியில்லை. பிள்ளைக்குப் பிள்ளை உடல் பருமனில் காணப்படும் வித்தியாசத்தில் 100-க்கு 77 பங்கு பரம்பரையால் வந்தது என்று கணக்கு ஏற்பட்டது.

"அப்படியானால் மறுபடியும் தலையெழுத்துத்தானே?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு தலைமுறைக்குள் மனிதனுடைய பரம்பரைக் கூறுகள் மாறிவிடவில்லை; பருத்தவர்கள் தொகையோ பன்மடங்கு பெருகிவிட்டது. மாறியது எது? தெருவுக்குத் தெரு தின்பண்டக் கடை, மலிவான சர்க்கரைத் தண்ணீர், பெரிய பெரிய பொட்டலம், கண்ட இடமெல்லாம் விளம்பரம்! விதை பழையது, நிலம்தான் புதியது.

பரம்பரை வேலை செய்வது எப்படி என்பதையும் அந்த அம்மையார் விடவில்லை. ஒரு கலியாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவனுக்கு இரண்டாவது சாதத்திலேயே "போதும்" என்று வயிறு சொல்லிவிடுகிறது. பக்கத்து இலைக்காரனுக்குப் பாயசம் வந்த பிறகும் அது சொல்லுகிறதில்லை. முதல்வன் யோக்கியனுமல்ல, இரண்டாமவன் பேராசைக்காரனுமல்ல. இருவர் வயிறும் இரு விதமாகப் பேசுகின்றன. 2007-ல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறந்த 2,400 இரட்டையர் குடும்பங்களைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே தொடர்ந்து பார்த்தார்கள். ஒரே வீட்டு இரட்டையரில் பாலைக் கண்டால் அதிகம் நாடுகிற குழந்தை, மற்றதைவிட ஆறாவது மாதத்தில் 650 கிராமும், 15-வது மாதத்தில் ஏறக்குறைய ஒரு கிலோவும் கூடுதலாயிருந்தது. பால் குடிக்கிற குழந்தைக்குச் சோம்பேறி என்று பட்டம் கட்டுவீர்களா?

இரண்டாவது, இழித்துப் பேசினால் திருந்துவான் என்கிற நம்பிக்கை. இதையும் அளந்தார்கள். 50 வயதுக்கு மேற்பட்ட 2,944 பேரை நான்கு வருஷ காலம் பார்த்து 2014-ல் வெளியிட்டார்கள். எடையைக் காரணமாக வைத்து அவமதிக்கப்பட்டதாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய ஒரு கிலோ ஏறியிருந்தார்கள். அப்படிச் சொல்லாதவர்கள் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைய இறங்கியிருந்தார்கள். ஏச்சு ஒரு மருந்தாக வேலை செய்ததற்கு அந்தக் கணக்கில் அடையாளமே இல்லை. மானமுள்ள மனிதனை அவமானப்படுத்தித் திருத்தலாம் என்பது எந்தத் துறையிலும் பலித்ததில்லை.

அப்படியானால் பலிக்கிறது எது? 2003-ல் வெளியான மற்றொரு சோதனையைக் கேளுங்கள். 2 முதல் 6 வயதுள்ள பிள்ளைகளுக்கு அவ்வளவாகப் பிடிக்காத ஒரு காய்கறியை எடுத்துக்கொண்டார்கள். சில தாய் தகப்பன்மார், 14 நாள் தினமும் ஒரு துண்டு வாயில் வைத்துப் பார்க்கும்படி பிள்ளையிடம் கொடுத்தார்கள். வேறு சிலருக்குச் சத்துணவைப்பற்றிய உபதேசமும் துண்டுப் பிரசுரமும் கொடுக்கப்பட்டன. 14 நாள் சென்று பார்த்தால், ருசி பார்த்த பிள்ளைகளே மற்றவர்களைவிட அந்தக் காயை அதிகம் விரும்பி அதிகம் தின்றார்கள். பிரசுரம் வீட்டோடு இருந்துவிட்டது. பிரசுரம் போடுகிற நமக்கும் இதிலே பாடம் உண்டு!

பெரியவர்களுக்கும் வழி இருக்கிறது. 96 பேரை வைத்து, ஒரு நல்ல காரியம் யோசிக்காமலே செய்கிற பழக்கமாவதற்கு எத்தனை நாள் ஆகிறது என்று அவர் குழுவார் பார்த்தார்கள். சராசரி 66 நாள். சிலருக்கு 18 நாள், சிலருக்கு எட்டு மாதமும் ஆகலாம் என்று தெரிந்தது. நடுவில் ஒரு நாள் தவறியதால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஆகவே ஒரு நாள் தவறியவன் "நம்மால் ஆகாது" என்று உட்கார்ந்துவிட வேண்டியதில்லை.

இனி புற்றுநோய்க்கு வருவோம். அதிகக் கொழுப்பு 13 வகைப் புற்றுநோய்களோடு சம்பந்தப்பட்டது என்று 2016-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் தீர்மானித்தது. கொழுப்பு உடம்பில் சும்மா கிடக்கும் மூட்டையல்ல. அது சில சுரப்பு நீர்களைப் பெருக்கி உயிரணுக்களை வளரத் தூண்டுகிறது. இது பயமுறுத்துவதற்காக அல்ல. காரணம் தெரிந்தால் தடுக்க வழி தெரியும் என்பதற்காகச் சொல்லுகிறோம்.

பெருங்குடல் புற்றுநோயைப் பாருங்கள். அது பெரும்பாலும் சிறு முளையாகத் தோன்றிப் பல வருஷம் கழித்தே நோயாகிறது. முளையிலேயே கிள்ளிவிட்டால் நோய் இல்லை. வெண்டி ஆட்கின் அம்மையார் தலைமையில், வார்டிலும் பங்குகொண்ட ஒரு சோதனையில், 55 முதல் 64 வயதுள்ள 1,70,000 பேர் சேர்க்கப்பட்டார்கள். ஒரே ஒரு தடவை குழாய் விட்டுப் பார்த்துக்கொண்டவர்களிடத்தில் அந்த நோய் மூன்றில் ஒரு பங்கும், அதனால் வரும் சாவு 100-க்கு 43-ம் குறைந்ததென்று 2010-ல் தெரிந்தது. தலையெழுத்தைக் குழாய் அழித்துவிட்டதா?

ஆனால் துக்கமான பாகம் இதுதான். இங்கிலாந்தில் மலப் பரிசோதனையைச் சர்க்கார் இலவசமாக வீட்டுக்கே தபாலில் அனுப்பிற்று. முதல் 26 லட்சம் அழைப்புகளைக் கணக்கெடுத்தபோது, வசதியுள்ள பகுதிகளில் 100-க்கு 61 பேர் செய்துகொண்டார்கள். மிக ஏழ்மையான பகுதிகளில் 35 பேரே! காசு கேட்காதபோதும் ஏழை ஏன் வரவில்லை? ஓயாத கவலையும், பயமும், "வந்தால் சாவுதான், தெரிந்து என்ன பயன்" என்கிற எண்ணமும் ஏழைகளிடத்தில் அதிகமிருந்தது என்று வார்டில் குழுவார் கண்டார்கள். விதியென்ற பேச்சு வெறும் பேச்சல்ல தோழர்களே! அது ஆளைக் கொல்லுகிறது. அதிலும் ஏழையை முதலில் கொல்லுகிறது.

ஆகையால் நாம் சொல்லுவது இவ்வளவுதான். பருத்தவனைப் பழிப்பதை விடுங்கள். அவனைச் சுற்றியுள்ள கடையையும் விலையையும் விளம்பரத்தையும் கேள்வி கேளுங்கள். நோயை விதியென்பதை விடுங்கள்; காலத்தில் பரிசோதித்துக்கொள்ளுங்கள், பயந்து ஒதுங்குகிறவனைக் கையைப் பிடித்து அழைத்துப் போங்கள். நாம் சொன்னதில் சந்தேகமிருந்தால் மிகவும் சந்தோஷம். உங்கள் வீட்டுப் பிள்ளை தள்ளுகிற ஒரு காயை எடுத்து, திட்டாமல், அடிக்காமல், லஞ்சம் கொடுக்காமல், 14 நாள் ஒவ்வொரு துண்டு கொடுத்துப் பாருங்கள். பிறகு நம்புவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.