வெளியீட்டுக்கு முந்தின வாரம்



நூல் வெளியீட்டு விழா என்றால் நமக்குப் பொன்னாடை தெரியும். வண்ணத்தாளைப் பிரித்துப் புத்தகத்தை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துப் போட்டோவுக்கு நிற்பது தெரியும். முதல் பிரதியை யார் பெற்றுக்கொண்டார் என்று மறுநாள் பேப்பரில் வந்துவிடும். எழுதினவர் அதற்கு முந்தின வாரம் தூங்கினாரா என்பது மட்டும் எந்தப் பேப்பரிலும் வராது. இன்றைக்கு நான் பேச வந்தது அந்த வாரத்தைப் பற்றி.

நம் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்தில் எழுதுகிறவர் யார்? பள்ளிக்கூட ஆசிரியர், கூட்டுறவு சங்கத்து ஊழியர், மக்காச்சோளம் போட்டுவிட்டு மழைக்குக் காத்திருக்கிறவர். பகலில் அந்த வேலை. ராத்திரி செல்போனில் புரூஃப். பி.டி.எஃப். கோப்பை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, "இங்கே ஒரு 'ப்' போட வேண்டும்" என்று அச்சகத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார். வீட்டில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும் மனைவி கேட்பார்: "ஏங்க, அந்த ஒரு எழுத்து இல்லாட்டி புத்தகம் ஓடாதா?" நியாயமான கேள்வி. ஆனால் அந்த 'ப்' இல்லாமல் புத்தகம் வந்தால், விழாவன்று முதல் வரிசையில் இருக்கிற தமிழாசிரியர் அதே பக்கத்தைத்தான் பிரிப்பார். அது எப்படியோ அப்படித்தான் நடக்கிறது!

(கைதட்ட வேண்டாம், இங்கேயே நாலு தமிழாசிரியர்கள் இருக்கிறார்கள்.)

பிழை திருத்தம்கூடப் பரவாயில்லை. அழைப்பிதழ் இருக்கிறதே, அதுதான் பெரிய சோதனை. முன்னிலையில் யார், வாழ்த்துரையில் யார், யார் பெயருக்கு மேலே யார் பெயர்? ஒருவரைச் சேர்த்தால் இன்னொருவருக்கு மனத்தாங்கல். ஒரு 'முனைவர்' விட்டுப்போனால் அழைப்பிதழைத் திரும்ப அடிக்க வேண்டும். அதற்குள் ராப்பர் நிறம் மங்கலாக வந்திருக்கும், பைண்டிங் காயவில்லை என்று போன் வரும், புத்தகக் கட்டு பார்சல் ஆபீசுக்கு வந்துவிட்டதா என்று தினமும் போய்க் கேட்க வேண்டும். கல்யாண வீட்டிலாவது ஓடியாட மாமன் மச்சான் இருப்பார்கள். இங்கே பந்தல்காரரும் இவரே, மாப்பிள்ளையும் இவரே. செலவும் இவருடையதே. பல வீடுகளில் அச்சுக் கூலி என்பது அடகுக் கடையிலிருந்து வருவது. அதை யாரும் மேடையில் சொல்வதில்லை.

இது இன்றைக்கு நேற்று வந்த பாடு இல்லை. நம் மண்ணில் தமிழ் படித்த ஒருவரை வைத்தே சொல்கிறேன். உ.வே. சாமிநாதையர் 1855இல் பிறந்தவர், தஞ்சைப் பக்கம் உத்தமதானபுரத்துக்காரர். ஆனால் பிள்ளைப் பருவத்தில் அவருக்குத் தமிழ் ஊட்டியது இந்தச் சீமை. அப்பா வேங்கடசுப்பையர் சங்கீதக்காரர், ஊர் ஊராகப் போய்க் கதை சொல்லிப் பிழைத்தவர். அரியலூரில் சடகோபையங்காரிடம் பாடம். பிறகு குன்னம். பிறகு கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார். பிறகு, இதோ பெரம்பலூருக்குப் பக்கத்தில் இருக்கிற செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் காரிகை என்னும் யாப்பிலக்கணம். 'என் சரித்திரம்' படித்தவர்களுக்கு இந்த ஊர்ப் பெயர்கள் வரிசையாக ஞாபகம் வரும். அன்றைக்கு அரியலூர் மாவட்டமும் இல்லை, பெரம்பலூர் மாவட்டமும் இல்லை, எல்லாம் திருச்சிராப்பள்ளிதான். சோறு போட்டு, தங்க இடம் கொடுத்து, "பையன் படிக்கட்டும்" என்றவர்கள் நம் ஊர்க்காரர்கள்.

1871இல் அவர் மாயூரத்துக்குப் போய் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்கிறார். பிள்ளையவர்கள் காலத்தில் நூல் வெளியீட்டு விழா கிடையாது, அரங்கேற்றம்தான். அதிலும் அவர் பாணி தனி. புராணத்தின் ஒரு பகுதி சபையில் அரங்கேறிக்கொண்டிருக்கும். அடுத்த பகுதி இன்னும் அவர் மனத்தில்தான் இருக்கும். அவர் சொல்லச் சொல்ல மாணவர்கள் ஓலையில் எழுதுவார்கள். நாளைக்கு விழா, இன்றைக்குப் பாட்டு! கடைசி நேரத்தில் முன்னுரை எழுதுகிற நம் ஆட்கள் ஆறுதல் பட்டுக்கொள்ளலாம்.

சாமிநாதையர் அதற்கு நேர் எதிர். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் வேலை. அதே வருஷம் அக்டோபரில் சேலம் இராமசுவாமி முதலியார் கேட்ட ஒரு கேள்வியில் சீவக சிந்தாமணியைக் கையில் எடுக்கிறார். புத்தகம் வெளிவந்தது 1887இல். இடையில் ஏழு வருஷம். ஏடு தேடினார். சமண சமயச் செய்தி புரியவில்லை என்றால், கும்பகோணத்துச் சமண அன்பர்கள் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து கேட்டார். சைவ மடத்தில் படித்தவர், கூச்சப்படவில்லை.

அச்சுக்கூடமோ சென்னையில், திராவிட ரத்நாகரம் என்று பெயர். இவரோ கும்பகோணத்தில் வாத்தியார். யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு எழுத்தும் ஈயத்தில் வார்த்தது. அதைத் தலைகீழாகக் கோத்து, பல பக்கம் சேர்ந்த ஒரு ஃபாரம் முடுக்கி, மை தடவி, புரூஃப் எடுக்க வேண்டும். திருத்தம் போட்டால் எழுத்தைப் பிடுங்கி மாற்ற வேண்டும். அதைச் சரிபார்த்து அச்சடித்தால்தான் அடுத்த ஃபாரத்துக்கு எழுத்து கிடைக்கும். கல்லூரி விடுமுறை விட்டதும் சென்னைக்கு ரயில் ஏறுவார். மற்ற நாளில் தபால். நமக்குக் கைக்குள் இருக்கிற பி.டி.எஃப்., அவருக்குத் தபால்காரர் கையில் இருந்தது.

காகிதத்துக்கும் கூலிக்கும் பணம்? இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. அந்தக் காலத்தில் 'கையொப்பம்' என்று ஒரு வழக்கம். புத்தகம் வரும் முன்பே "எனக்கு ஒரு பிரதி" என்று கையெழுத்துப் போட்டு வாங்குவதை உறுதி செய்வார்கள். சாமிநாதையரும் அப்படித்தான் ஆள் சேர்த்தார். சிந்தாமணிக்குப் பிறகு 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு என்று அடுத்தடுத்து வந்ததே, அந்தப் பட்டியலுக்குப் பின்னால் இந்தக் கையெழுத்துகளும் இருக்கின்றன.

நாம் என்ன செய்கிறோம்? விழா முடிந்ததும் எழுத்தாளர் தோளில் கை போட்டு, "நமக்கு ஒரு காப்பி எடுத்து வைங்க" என்கிறோம். அவர் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பின் விலை இருநூற்றைம்பது ரூபாய். நூறு பேர் தோளில் கை போட்டால் அவர் அடுத்த புத்தகம் எழுத மாட்டார். எழுதினாலும் வீட்டில் விட மாட்டார்கள்.

புத்தகம் வாங்காத ஊர் இல்லை இது. 2012இல் தொடங்கிய பெரம்பலூர் புத்தகத் திருவிழாவில் பிள்ளைகள் உண்டியலை உடைத்துக்கொண்டு வந்து வாங்குவதைப் பார்க்கிறோம். பெரியவர்களுக்குத்தான் கூச்சம், பர்ஸை எடுக்க.

ஆகவே விழாக் குழுவில் பேசி ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். நம் ஊர்க்காரர் ஒருவருடைய சிறுகதைத் தொகுப்பு இப்போது புரூஃபில் இருக்கிறது. பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், சொல்லவில்லை. வாசலில் டீ கொடுக்கிற மேசைக்குப் பக்கத்தில் ஒரு நீள நோட்டு இருக்கிறது. பெயர், ஊர், எத்தனை பிரதி, அவ்வளவுதான். பணத்தை இன்றைக்கே கொடுத்தால் தம்பி ரசீது போட்டுத் தருவார். தலைவர் அவர்கள் முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டார், ஐந்து பிரதி. டீ ஆறுவதற்குள் மற்றவர்களும் போட்டுவிடுங்கள்.