கரன்ட் வந்துடுச்சு, கம்ப்யூட்டர் வரல

"கரன்ட் போயிட்டு வந்துச்சு, அதுக்கப்புறம் கம்ப்யூட்டர் ஆன் ஆகல, என்ன பண்றது?" இந்தக் கேள்வியை நிறைய பேர் கேட்டிருக்கீங்க. இன்னைக்கு அதைத்தான் பேசப் போறோம். எனக்கு நடந்த ஒரு விஷயத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல். சென்னையில பல ஏரியாக்கள்ல நாள் கணக்கில் கரன்ட் இல்லை. எங்க தெருவுக்கு மூணாவது நாள் சாயங்காலம் வந்தது. வந்தது, உடனே போனது, மறுபடி வந்தது. ட்யூப்லைட் ஒரு நொடி பளிச்சுன்னு எரிஞ்சு அடங்குச்சு. பத்து நிமிஷத்துல மேல் வீட்டு அக்கா கதவைத் தட்டினாங்க.

"தம்பி, சிஸ்டம் ஆன் ஆகல. அதுல மூணு பேரோட தீசிஸ் இருக்கு. அடுத்த வாரம் கொடுக்கணும்."

அக்கா வீட்டிலிருந்தே டைப்பிங், டிடிபி வேலை செய்றவங்க. வேற காப்பி எங்கேயும் கிடையாது. ஒரு கடைக்கு போன் பண்ணியிருக்காங்க. பார்க்காமலேயே "மதர்போர்டு போயிருக்கும், ஹார்ட் டிஸ்க்கும் சந்தேகம்தான்" என்று சொல்லிவிட்டார்களாம். அக்கா முகம் வெளிறிப்போயிருந்தது.

இங்கே ஒரு விஷயம். "ஆன் ஆகல" என்பதில் இரண்டு வகை இருக்கு. ஃபேன் சுத்துது, லைட் எரியுது, ஆனா திரையில எதுவும் வரல என்றால் அது ஒரு வகை. சத்தமே இல்லை, லைட்டே இல்லை, செத்த மாதிரி கிடக்கு என்றால் அது வேற வகை. அக்காவோடது இரண்டாவது. அப்படின்னா சந்தேகம் முதல்ல போக வேண்டியது கரன்ட் வர்ற பாதை மேலதான்.

முதல்ல அந்த ப்ளக்ல போன் சார்ஜரைப் போட்டுப் பார்த்தேன். சார்ஜ் ஏறுச்சு. அடுத்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், யுபிஎஸ் எல்லாத்தையும் விட்டுட்டு, நேரா சுவர் ப்ளக்ல கம்ப்யூட்டரைக் கொடுத்தேன். அசையல. சிபியு பின்னாடி இருக்கிற சின்ன ஸ்விட்ச் ஆன்லதான் இருந்தது. சிரிக்காதீங்க, பல வீடுகள்ல பிரச்சினையே அந்த ஸ்விட்ச்தான்.

அடுத்தது எல்லாருமே வீட்ல செய்யக்கூடியது. பவர் கேபிளைக் கழட்டிட்டு, பவர் பட்டனை முப்பது நொடி அழுத்திப் பிடிங்க. உள்ளே மிச்சம் இருக்கிற சார்ஜ் இறங்கிடும். வோல்டேஜ் எகிறும்போது சில எஸ்எம்பிஎஸ் தன்னைத்தானே காப்பாத்திக்க லாக் ஆகிவிடும். கேபிளைக் கழட்டி கொஞ்ச நேரம் விட்டால் அது திரும்ப வர வாய்ப்பு உண்டு. அக்கா சிஸ்டம் வரவில்லை.

அப்புறம்தான் பக்கவாட்டு மூடியைத் திறந்தேன். மதர்போர்டுல இருந்து எஸ்எம்பிஎஸ் கனெக்டர் எல்லாத்தையும் கழட்டினேன். கரன்ட் கொடுக்காத நிலையில, பெரிய 24 பின் கனெக்டர்ல பச்சை வயரையும் பக்கத்து கருப்பு வயரையும் பேப்பர் க்ளிப்பால இணைச்சேன். அப்புறம் ஸ்விட்ச் போட்டேன். பவர் பட்டன் அழுத்தினா மதர்போர்டு செய்றதும் இதேதான், பச்சை வயரைக் கருப்போட சேர்க்கிறது. ஃபேன் சுத்தல. அப்போ போனது எஸ்எம்பிஎஸ்.

ஒரு எச்சரிக்கை. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீங்க. 230 வோல்ட் ஏசியோட உச்சம் சுமார் 325 வோல்ட். உள்ளே இருக்கிற கெபாசிட்டர் ப்ளக்கைப் பிடுங்கின பிறகும் அதைப் பிடிச்சு வெச்சிருக்கும். இன்னொன்னு, வெள்ளத் தண்ணி உள்ளே போன கம்ப்யூட்டருக்கு இந்த டெஸ்ட் எதுவும் வேண்டாம். ப்ளக்கையே சொருகாதீங்க.

"புது எஸ்எம்பிஎஸ் வாங்கலாமா தம்பி?" என்று அக்கா கேட்டாங்க. "அதுக்கு முன்னாடி தீசிஸைப் பார்த்துடலாம்க்கா" என்றேன். மெஷினைச் சரி பண்றது அப்புறம், டேட்டா முதல்ல. ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டி, யுஎஸ்பி அடாப்டர் வழியா என் லேப்டாப்ல போட்டேன். ஐந்து நொடி ஒண்ணும் இல்லை. அப்புறம் ஃபோல்டர்கள் வந்தன. மூணு தீசிஸும் இருந்தன. அக்கா அப்படியே தரையில உட்கார்ந்துட்டாங்க.

மறுநாள் புது எஸ்எம்பிஎஸ் போட்டோம். சிஸ்டம் ஆன் ஆச்சு. ஆனா எந்த வெப்சைட்டும் திறக்கல, "பாதுகாப்பான இணைப்பு இல்லை"ன்னு வந்தது. பார்த்தா தேதி பல வருஷம் பின்னாடி இருக்கு. மதர்போர்டுல இருக்கிற சிஆர் 2032 பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. கரன்ட் இருந்தவரைக்கும் அது தெரியல. வெளிக்கரன்ட் மூணு நாள் இல்லாததால கடிகாரம் நின்னுடுச்சு. தேதி தப்பா இருந்தா பிரவுசர் எந்த சான்றிதழையும் நம்பாது. காசு மாதிரி இருக்கிற அந்த சின்ன பேட்டரியை மாத்தினோம், எல்லாம் சரியாச்சு.

சரி, முதல் வகை? ஃபேன் சுத்துது, படம் வரலைன்னா? மானிட்டர் கேபிளைப் பாருங்க. அப்புறம் கரன்ட்டைத் துண்டிச்சிட்டு ரேமைக் கழட்டி, தங்க நிறத்துல இருக்கிற ஓரத்தை அழிரப்பரால மெதுவா தேச்சு, துடைச்சு, க்ளிக் சத்தம் வர்ற வரைக்கும் திரும்பப் பொருத்துங்க. இரண்டு ரேம் இருந்தா ஒவ்வொண்ணா போட்டுப் பாருங்க. பெரும்பாலும் இங்கேயே வேலை முடிஞ்சிடும்.

கடைசியா ஒண்ணு. கரன்ட் போனதும் ப்ளக்கைப் பிடுங்கிடுங்க. வந்த உடனே ஆன் பண்ணாம பத்து நிமிஷம் விடுங்க, வோல்டேஜ் நிலையா நிக்கட்டும். முக்கியமான ஃபைல் எதுவும் ஒரே இடத்துல இருக்கக் கூடாது.

அக்கா இப்போ தினமும் ராத்திரி வேலையை முடிச்சதும் பென் டிரைவ்ல ஒரு காப்பி எடுத்து, அரிசி டப்பா பக்கத்துல வைக்கிறாங்க. நீங்க எங்கே வைக்கப் போறீங்கன்னு யோசிங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.