கதவு திறந்த விசுவாசம்
(விடத்தல்தீவில் நிகழ்த்திய அறக்கட்டளை நினைவுச் சொற்பொழிவு)



‘விருந்தோம்பலும் விசுவாசமும்’ என்று தலைப்புத் தந்திருக்கிறீர்கள். விருந்து என்றதும் பலருக்குச் சாப்பாட்டுப் பந்தி நினைவுக்கு வரும். எனக்கு 1658 ஆம் ஆண்டு நினைவுக்கு வருகிறது.

1. குற்றமாக இருந்த விருந்து

அந்த ஆண்டிலேதான் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினார்கள். குருவுக்கு வீட்டில் இடம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று கட்டளையும் இட்டார்கள். கோயில் கைமாறிவிட்டது, பூசை வைக்கக் குரு இல்லை. அந்த நிலையில் விசுவாசம் தங்கியிருந்த இடம் வீடுதான்.

1687 இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகள் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். வந்ததும் கடும் நோயில் விழுந்தார். தேறி எழுந்தபின் சில்லாலையில் தங்கி, இரவில் ஒளித்துப் பூசை வைத்தார். அவரை உள்ளே எடுத்த வீட்டுக்காரருக்கு, படலையைத் திறந்தால் தலை போகலாம் என்று தெரியும். தெரிந்தும் திறந்தார்கள். பத்து வருடம் கழித்துக் கண்டியில் பெரியம்மை பரவியபோது, சொந்தக்காரரே விட்டு ஓடிய நோயாளரைச் சேர்த்து வைத்துக் கழுவித் துடைத்துப் பராமரித்தவர் அதே அடிகள்தான். அடைக்கலம் பெற்றவர் அடைக்கலம் கொடுக்கப் பழகியிருந்தார். 2015 ஜனவரி 14 இல் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்த பிரான்சிஸ் பாப்பரசர், அன்று பிற்பகலே மடு மாதா திருத்தலத்துக்கு வந்தார்.

2. மடுக் காடு

மடுவின் கதையும் அடைக்கலக் கதைதான். 1670 அளவில் மாந்தையிலிருந்து மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிய குடும்பங்களுக்குக் காடுதான் இடம் கொடுத்தது. ஆவணித் திருநாளில் மரத்துக்கு மரம் அடுப்பு மூட்டிச் சமைக்கும்போது, பக்கத்துக் கூடாரத்தார் சிங்களவரா தமிழரா, கத்தோலிக்கரா வேறு சமயத்தவரா என்று பார்த்து உப்புக் கடன் கேட்பவர் இல்லை.

1990 இல் போர் மூண்டபோது அதே காடு அகதி முகாமாயிற்று. பல்லாயிரம் பேர் தறப்பாளின் கீழே வருடக்கணக்கில் வாழ்ந்தார்கள். 1999 நவம்பர் 20 இல் அங்கே எறிகணை விழுந்து 40 பேரளவில் இறந்தார்கள். அடைக்கலம் கொடுப்பதால் ஆபத்து நீங்கிவிடாது. கொடுத்தவரும் அதில் பங்காளி ஆகிறார். 2008 ஏப்ரலில் மாதாவே இடம்பெயர்ந்து, எங்களுக்கு வடக்கே தேவன்பிட்டிக் கோயிலில் தங்க வேண்டியதாயிற்று. யூலையில் விடத்தல்தீவும் போர்முனையாகியது. அடைக்கலம் கொடுத்த தாயும் அடைக்கலம் தேடிய காலம் அது.

3. பண்பா, பதவித் தகுதியா?

திருமறை விருந்தோம்பலை ஒரு நல்ல பழக்கம் என்ற அளவில் விட்டுவிடவில்லை. தீமோத்தேயுவுக்கும் தீத்துவுக்கும் எழுதிய திருமுகங்களில், சபைத் தலைவருக்கு வேண்டிய தகுதிகளுள் விருந்தோம்பலும் ஒன்று. யோவானின் மூன்றாம் திருமுகம் முன்பின் அறியாத ஊழியரை ஏற்ற காயுவைப் பாராட்டுகிறது. ஏற்க மறுத்ததுமல்லாமல் ஏற்றவரையும் சபையிலிருந்து தள்ளிய தியோத்திரேப்பைக் கண்டிக்கிறது. பேச்சு வன்மையைவிட வாசற்படியை வைத்து ஆளை எடைபோட்டார்கள் ஆதித் திருச்சபையார்.

ஏமாந்துபோகவும் அவர்கள் விரும்பவில்லை. ‘திதாக்கே’ என்ற பழைய ஒழுங்கு நூல், ஊர் ஊராகப் போகும் ஊழியருக்கு இரண்டொரு நாள் தங்க இடம் கொடுக்கச் சொல்கிறது. மூன்று நாள் தங்கினால் அவர் போலி என்கிறது. குடியேற விரும்பும் தொழிலாளி தன் தொழிலைச் செய்து சாப்பிட வேண்டும். இரக்கத்தோடு விவேகமும் இருந்தால்தான் கொடுக்கிற கை சலிக்காது.

4. நாங்கள் விருந்தாளியாக இருந்த நேரம்

திருத்தூதர் பணிகளின் கடைசிக்கு முந்திய அதிகாரத்தில் பவுலடியாரின் கப்பல் உடைகிறது. மழையிலும் குளிரிலும் நடுங்கி மால்ட்டாக் கரையில் ஏறியவர்களுக்குத் தீமூட்டிக் கொடுத்தவர்கள், கிறிஸ்துவின் பெயரையே கேட்டறியாத தீவார். கொடுப்பவர் எப்போதும் நாங்கள்தான் என்ற எண்ணத்தை அந்தத் தீ எரித்துவிடுகிறது.

எங்கள் கரையிலும் அப்படியொன்று நடந்தது. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். விடத்தல்தீவு முஸ்லிம்களும் பிறந்த மண்ணை விட்டுப் போனார்கள். புத்தளம், கற்பிட்டிப் பக்கத்து மக்கள் தங்கள் வளவையும் கிணற்றையும் பள்ளிக்கூடத்தையும் அவர்களோடு பகிர்ந்தார்கள். போனவர்கள் இருபது வருடம் கழித்துத் திரும்பியபோது காணி பற்றையாகியிருந்தது. திரும்பி வருபவர் விருந்தாளி அல்ல, உரித்தாளி. அவருக்கு எல்லைக் கல்லை உள்ளபடி காட்டுவதும், கடலில் அவருடைய தொழிலுக்கு இடம் விடுவதும் தருமமல்ல, நீதி. அந்த நீதியைச் செய்த பிறகு போடுகிற சோறுதான் விருந்து.

5. இன்றைக்குச் செய்யக்கூடியது

முதல் நன்மை விருந்துக்கு நகையை அடகு வைத்து, பிறகு வட்டி கட்ட முடியாமல் தவிக்கிற வீடுகள் உண்டு. திரும்ப அழைக்கக்கூடியவர்களையே அழைக்கும் விருந்து வேண்டாம் என்று லூக்கா நற்செய்தியில் ஆண்டவர் சொல்லியிருக்கிறார். அழைப்புப் பட்டியல் நீள்வதால் கொடை வளராது.

இந்தக் கரையில் கொடைக்கு எளிய வழி முன்பே இருக்கிறது. வள்ளம் கரைதட்டி வலையில் மீன் கழற்றும்போது, அருகில் நிற்கிற விதவைக்கும் வயோதிபருக்கும் கறிக்கென்று நாலு மீன் ஒதுக்குகிறோம். விலை போட்ட பிறகு மிஞ்சியதை அல்ல, விலை போடுமுன் எடுத்து வைக்கிறோம். வாங்குபவரும் கூனிக் குறுகாமல் வாங்குகிறார். அந்த ஒழுங்கை வீட்டுக் கணக்கிலும் பங்குக் கணக்கிலும் கொண்டுவாருங்கள். மாதச் செலவை எழுதும்போது முதல் வரியில் பிறருக்கான பங்கை எழுதுங்கள். கோயில் திருநாள் வரவுசெலவிலும் அப்படியே செய்யுங்கள். வெடிக்கும் சோடனைக்கும் உரிய தொகை அதற்குப் பிறகு வரட்டும். எங்கள் விசுவாசம் எப்படிப்பட்டது என்பதை அந்த முதல் வரியைப் பார்த்தே எவரும் சொல்லிவிடலாம்.